பல்லிகளுக்கு ஒரு பொறுப்புத் தந்தை

பிறக்கும் எவ்வுயிர்க்கும் தந்தை ஒருவர் இருந்தே தீரவேண்டும் என்பது, பிறப்பைப் பதியும் படிவம் பன்னிரண்டின் அசையாத நம்பிக்கை. உயிரியல் பூங்கா ஒன்றில் பிறந்த ஏழு பல்லிக்குஞ்சுகள் அதனை அசைத்துப் பார்த்தன.

அவற்றின் இனத்தில் ஆணே கிடையாது. துணையின்றியே தாய் முட்டையிடும். பொரிப்பவை யாவும் தாயை அச்செடுத்தாற்போன்ற பெண்கள். இயற்கை இதற்கு எவரிடமும் முன் அனுமதி பெறவில்லை. ஆயினும், படிவம் ஏற்கப்பட்டால்தான் குஞ்சுகளுக்குப் புழுவும் சூட்டு விளக்கும் ஒதுக்கப்படும். பெரிய பல்லிகளின் பங்கில் கிள்ளிக் கொடுத்துச் சமாளித்த பராமரிப்புப் பெண்மணி, ஐந்தாம் நாள் படிவத்துடன் பூங்கா அலுவலக எழுத்தர்முன் வந்து நின்றார்.

“அப்பா பேரு காலியா இருக்கே?”

“அப்பாவே கிடையாது சார்.”

“தவறிட்டாரா? அப்ப இறப்புச் சான்றிதழ் வைங்க.”

“அவரு பொறக்கவே இல்ல சார்.”

“அப்ப பிறக்கலைன்னு சான்றிதழ் வைங்க. வெறும் வாயால சொன்னா நான் எப்படிம்மா நம்புறது?”

“குஞ்சுங்க பசியில சுருண்டு கெடக்கு. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்.”

“புண்ணியத்துக்குப் படிவத்துல கட்டம் இல்லம்மா.”

விவகாரம் கண்காணிப்பாளரிடம் சென்றது. முப்பதாண்டு அனுபவத்தில் பழுத்த அவர், கண்மூடி யோசித்துத் தெளிந்தார்.

“தந்தை இல்லைன்னு ஏன்யா எழுதுற? தந்தைப் பணியிடம் காலின்னு எழுது. காலியிடம்னா என்ன செய்வோம்?”

“கூடுதல் பொறுப்பு கொடுப்போம் ஐயா.”

“கொடுத்தாச்சு. உனக்குத்தான்.”

உடனே ஆணை வெளிவந்தது: ‘மேற்படி ஏழு குஞ்சுகளுக்கும் நிரந்தரத் தந்தை நியமிக்கப்படும் வரை, எழுத்தர் தம் பணிகளுடன் தந்தைமையையும் கூடுதலாகக் கவனிப்பார்.’

எழுத்தருக்கு வியர்த்துவிட்டது. “நான் என்னென்ன செய்யணும் ஐயா?”

“கேட்ட எடத்துல கையெழுத்துப் போடணும்.”

“குஞ்சுகளப் போய்ப் பார்க்கணுமா?”

“வேண்டாம்.”

“தீனி, சீக்கு...?”

“அதெல்லாம் அந்தம்மா பாத்துக்கும்.”

எழுத்தர் முகம் மலர்ந்தது. “அவ்வளவுதானா! வீட்ல பதினோரு வருஷமா இதைத்தானே செய்றேன்!”

அலுவலகமே குலுங்கிச் சிரித்தது. கையெழுத்தும் விழுந்தது. புழுப்பெட்டியை வாங்கிக்கொண்டு ஓட்டமும் நடையுமாய்ப் புறப்பட்ட பெண்மணி, வாசலில் திரும்பினார்.

“அப்ப நிரந்தரத் தந்தைன்னு ஒருத்தரு வந்தா, அவருக்கு வேற என்ன சார் வேலை?”

சிரிப்பு நின்றது. ஆடவர் அனைவரும் கோப்புகளுக்குள் குனிந்தனர்.

அன்பர்களே, அவ்வினாவுக்கு அலுவலகம் இன்னும் விடை தேடுகிறது. விடையறிந்த தந்தையர் தவறாது எழுதி உதவுக. தம் பிள்ளை எந்த வகுப்பில் படிக்கிறது என்பதையும், மனைவியிடம் கேட்காமல், கடிதத்தின் தலைப்பில் குறிப்பிடுக.