குழம்பு லைசென்ஸ்

மோட்டார் வாகனச் சட்டத்தை எழுதியவர்கள்கூட அதை ஹாரன் நைனா அளவுக்கு மதித்திருக்க மாட்டார்கள். இத்தனைக்கும் குடித்துவிட்டுக் கார் ஓட்டிப் பிடிபட்டவர் அவர்.

அப்போது நான் பொன்னேரியில் இன்சூரன்ஸ் ஏஜென்ட். நைனா பழவேற்காட்டை ஒட்டிய கோட்டைக்குப்பத்துக்காரர். குப்பத்தில் நிறைய பேரிடம் படகு இருந்தது. கார் அவரிடம் மட்டும்தான். வெள்ளை அம்பாசடர். போன் பண்ணினால் ஆம்புலன்ஸ் வருகிற காலமில்லை அது. யாருக்குப் பிரசவ வலி எடுத்தாலும் பொன்னேரி ஆஸ்பத்திரிக்கு அந்தக் கார்தான் போகும். ஆடு, மாடு, ஆளே இல்லாத ரோடு, எல்லாவற்றுக்கும் ஹாரன் அடிப்பார். அதனால்தான் அந்தப் பெயர்.

இன்சூரன்ஸ் விஷயத்தில் எனக்கே அண்ணன். பழவேற்காட்டில் டச்சுக்காரர் கல்லறை வாசலில் கல்லில் செதுக்கிய இரண்டு எலும்புக்கூடுகள் நிற்கும். சவாரி வருபவர்களிடம் அவற்றைக் காட்டி, “இன்சூரன்ஸ் கட்டாம வண்டி ஓட்டனவனுங்க” என்று முகம் மாறாமல் சொல்வார். அதை நம்பி என்னிடம் பாலிசி எடுத்தவர்கூட உண்டு.

அப்பேர்ப்பட்டவர் ஒரு கல்யாண வீட்டில் கொஞ்சம் போட்டுவிட்டுத் திரும்பும்போது மாட்டினார். நல்ல வேளை, காரில் வேறு யாரும் இல்லை. மெஷினில் ஊதச் சொன்னதும் மனிதர் அதைப் பந்தயம் என்று நினைத்துவிட்டார். கடலில் மூழ்கி நங்கூரம் எடுத்த மூச்சு. விடாமல் ஊதினார்.

“போதும்யா, நிறுத்து” என்றார் போலீஸ்காரர்.

“எவ்ளோ சார் வந்துது? இதுக்கு மேல எவனாச்சும் ஊதிக்கிறானா?”

லைசென்ஸ் ஆறு மாதத்துக்கு சஸ்பெண்ட் ஆனது. அன்று முழுக்க நைனா சிரித்துக்கொண்டுதான் இருந்தார். வீட்டுக்குப் போனதும் அவர் மனைவி கஸ்தூரி அக்கா ஒரே ஒரு கேள்வி கேட்டார். “பொண்ணு தலப்பிரசவத்துக்கு வரப்போறா. இப்ப யாருய்யா ஓட்டுவா?” மகள் செல்விக்கு இன்னும் நாலு மாதத்தில் பிரசவம் என்று டாக்டர் நாள் குறித்திருந்தார். ஊரிலுள்ள அத்தனை பெண்களையும் கொண்டுபோய்ச் சேர்த்தவர், சொந்த மகளுக்கு ஓட்ட முடியாது. நைனாவின் சிரிப்பு அத்தோடு நின்றது.

மறுநாள் என்னையும் இழுத்துக்கொண்டு வட்டாரப் போக்குவரத்து அதிகாரியிடம் போனார்.

“சார், எங்க ஊர்ல தப்பு பண்ணவன ஏரியில எறங்காதன்னு தட போடுவாங்க. அப்பகூட வூட்டுக் கொழம்புக்கு மட்டும் புட்ச்சிக்கோ, விக்காதன்னு உடுவாங்க. அதே மாரி ஒரு கொழம்பு லைசென்ஸ் குடு சார். எம் பொண்ணு பிரசவத்துக்கு மட்டும். போவ ஒரு தபா, வர ஒரு தபா.”

அதிகாரி சிரிக்கவில்லை. சட்டப் புத்தகத்தை எடுத்து நிஜமாகவே புரட்டிப் பார்த்தார். “அப்படி ஒண்ணு இதுல இல்லப்பா” என்று வருத்தமாகத்தான் சொன்னார்.

இல்லை என்றால் இல்லைதான். அன்றிலிருந்து நைனா காரைத் துடைப்பதானால்கூட இடது பக்கக் கதவைத்தான் திறப்பார். படகில் சுக்கான் பிடிக்கக் கூப்பிட்டால் அதற்கும் மறுத்துவிட்டார்.

“இன்னா நைனா, படகுக்கு ஏது லைசென்ஸு?”

“ஓட்டாதன்னா ஓட்டாததான். பேஜாரு பண்ணாத.”

அதற்கிடையே காரின் இன்சூரன்ஸ் முடியும் நாள் வந்தது. ஏஜென்ட் சொல்லக் கூடாததை நான் சொன்னேன். “நிக்கிற வண்டிதானே நைனா, அப்புறம் பாத்துக்கலாமே?”

“தண்டன எனக்கா, காருக்கா?” என்று எகிறினார். “அது இன்னா குடிச்சுதா?”

பக்கத்தில் மீன் கூடையோடு நின்ற கஸ்தூரி அக்கா என்னைக் கேட்டார். “சார், நான் லைசென்ஸு எடுத்து ஓட்டுனா இன்சூரன்ஸு செல்லுமா?”

“தாராளமாச் செல்லும்க்கா.”

பொன்னேரி மார்க்கெட்டில் மீன் விற்று முடித்த கையோடு அக்கா டிரைவிங் ஸ்கூலுக்குப் போனார். நைனா சொல்லித்தர மறுத்துவிட்டார். லைசென்ஸ் இல்லாதவன் சொல்லித்தருவது சட்டப்படி குற்றமாம். அக்காவும் ஒரு சட்டம் போட்டார். “குட்ச்சிட்டு என் வண்டில ஏறக் கூடாது.” டெஸ்ட்டில் அக்கா எட்டுப் போட்டதை ஓரமாக நின்று பார்த்த நைனா கைதட்டிய தட்டலில், அடுத்து பைக்கில் எட்டுப் போட வந்தவர் பயந்து காலை ஊன்றிவிட்டார்.

புதுப் பாலிசியைக் கொடுக்க நான் குப்பத்துக்குப் போன காலையில்தான் செல்விக்கு வலி எடுத்தது. என்னையும் சேர்த்துக் காரில் அடைத்தார்கள். பின்சீட்டில் செல்வி என் மணிக்கட்டை முறிக்காத குறை. “நைனா, பயமாக்குது நைனா!”

இடது பக்க சீட்டில் நைனாவுக்கு வியர்த்து ஊற்றியது. கைகளைத் தொடைக்கடியில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தார். எதிரே மாட்டுக் கூட்டம். அக்காவுக்கு இரண்டு கையும் ஸ்டீயரிங்கில் ஒட்டிக்கொண்டுவிட்டன.

நைனா என் பக்கம் திரும்பினார். “சார், ஹாரன் அடிக்க லைசென்ஸு வேணுமா?”

“சட்டத்துல அப்படி ஒண்ணும் இல்ல நைனா!”

அவ்வளவுதான். எட்டிக் கையை வைத்தவர் ஆஸ்பத்திரி வாசலில்தான் எடுத்தார். மாடுகள் விலகின, பஸ் ஒதுங்கியது, பொன்னேரியே வெளியே வந்து பார்த்தது. ஓட்டுவது யார் என்று பார்க்கட்டும் என்றுதான் அவர் அப்படி அடித்தார் என்பது என் கட்சி.

பேரன் பிறந்தான். ஆறு மாதம் முடிந்து லைசென்ஸும் திரும்ப வந்தது. நைனா அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, வழக்கம்போல இடது பக்கம் போய் உட்கார்ந்தார். நான் காரணம் கேட்டேன். “நான் ஊதுனவன் சார். ஓட்றவ அவ” என்று தெருவுக்கே கேட்கச் சொன்னார்.

இன்றும் ரோட்டில் எவராவது விடாமல் ஹாரன் அடித்தால் எல்லோரும் திட்டுகிறார்கள். நான் மட்டும் ஒதுங்கி நின்று, அந்த வண்டியின் இடது பக்க சீட்டைப் பார்க்கிறேன்.