ஆற்றில் ஊற்றிய ஆலாத்தி

கூச்சப்படுகிற ஆட்களிடம் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. வாயைத் திறந்து கேட்டால் அரை நிமிடத்தில் தெளிகிற விஷயத்தை, கேட்க வெட்கப்பட்டு, தாங்களே இரண்டு நாள் யோசித்து, பிழையான முடிவுக்கு வந்து சேருவார்கள். நான் அதில் முதல் ஆள். ஐந்தாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. ஜெர்மனிக்கு வந்து பதினைந்து வருஷமான பிறகும், கடையில் சாமான் எங்கே இருக்கிறது என்று கேட்காமல் எல்லாத் தட்டுகளையும் சுற்றி வந்து கண்டுபிடிப்பேன். (உப்புத் தேடிப் போய் நாய்ச் சாப்பாட்டோடு வந்த கதையும் உண்டு. அதை இன்னொருவர் சொல்லட்டும்.)

இது இரண்டாயிரம் பிறந்து நாலைந்து வருஷத்தில் நடந்தது. நாங்கள் இருந்தது கெல்சென்கிர்ச்சனில் இருந்து இரண்டு மணித்தியாலம் தள்ளி ஒரு சின்ன ஊர். பக்கத்தில் ஒரு ஆறு. ஆற்றின் பெயரை எழுதவில்லை. அந்த ஊரில் என்னை மறக்காதவர்கள் இன்னும் இருக்கக்கூடும்.

அந்த ஆறு வடிவான ஆறு. வில்லோ மரங்கள் தண்ணீரைத் தொடும். ஒரு வளைவில் மீன்கொத்தி கூடு கட்டும். அதைப் பார்க்க வெளியூரில் இருந்தெல்லாம் தூரப்பார்வைக் கண்ணாடியோடு வருவார்கள். கரை முழுக்கப் பலகைகள்: நடைபாதையை விட்டு இறங்காதே, பூப் பறிக்காதே, தண்ணீரில் எதையும் போடாதே.

அந்த வளைவுக்கு மேலேதான் எனக்கு வேலை. ஊரில் குளிக்கிற, கழுவுகிற, கக்கூசுத் தண்ணீர் எல்லாம் நிலத்துக்கடியில் குழாய் வழியாக வந்து சேருகிற சுத்திகரிப்பு நிலையம். பெரிய வட்டத் தொட்டிகளில் அதைச் சுத்தம் செய்து, கடைசியில் ஒரு தடித்த குழாயால் ஆற்றில் விடுவார்கள். தொட்டியை இயந்திரம் பார்த்துக்கொள்ளும். நான் அலுவலக அறையும் யன்னலும் துடைக்கிற ஆள்.

நிலையப் பொறுப்பாளர் ஹெர் க்ரூகர். (ஹெர் என்றால் மிஸ்டர், ஃபிராவ் என்றால் மிசிஸ்.) ஓய்வுக்கு இன்னும் இரண்டு வருஷம் இருந்த மனிதர். தொட்டிக்குள் அழுக்கைத் தின்கிற கிருமிகளைப் பற்றி, தன் பட்டியில் நிற்கிற மாடுகளைப் போலப் பேசுவார். இண்டைக்கு நல்லாச் சாப்பிடுகினம், குளிருக்குச் சோர்ந்து போச்சினம் என்பது மாதிரி. என்னோடு மெதுவாகப் பேசுகிற ஒரே ஜெர்மன்காரர் அவர்தான்.

அந்த வருஷம் ஊர் இரண்டாகப் பிரிந்து நின்றது. பெருமழை பெய்தால் பழைய தொட்டிகள் நிரம்பி, சுத்தம் செய்யாத தண்ணீரே ஆற்றுக்குள் போய்விடும். நிலையத்தைப் பெருப்பிக்காமல் இனிப் புது வீடு கட்ட அனுமதி இல்லை. நகரசபை ஆற்றங்கரைப் புல்வெளியில் புதுத் தொட்டி கட்டவேண்டும் என்றது. அந்தப் புல்வெளியில் ஒரு பிடி சீமெந்தும் விழக்கூடாது என்று நின்றவ ஃபிராவ் லென்ஸ், ஓய்வுபெற்ற ரீச்சர். ஆற்றைக் காக்கிற சங்கத்துக்குத் தலைவி. நல்ல மனுசி. ஹெர் க்ரூகர் மட்டும் அவவின் பெயரைக் கேட்டால், "அவவும் காலையில கக்கூசுக்குப் போறவதானே" என்று சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்ப்பார்.

இதற்கும் எனக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. சம்பந்தம் வந்தது என் மகள் சுகந்தியின் கலியாணத்தால்.

கலியாணம் ஒரு சனிக்கிழமை, மண்டபத்தில். மணமக்களுக்குக் கண்ணூறு கழியச் சுற்றுகிற ஆலாத்திக்குக் கரைக்கிற பொறுப்பை என்னிடம் விட்டார்கள். மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்தால் தண்ணீர் இரத்தச் சிவப்பாக வரும், தெரிந்ததுதான். சோடி சோடியாகப் பெண்கள் ஆலாத்தி எடுக்கும்போது தண்ணீர் முடிந்துவிட்டால் என்ன செய்வது என்ற பயத்தில், ஒரு செம்பு போதுமான இடத்தில் பெயின்ட் வாளி நிறையக் கரைத்தேன். நிறம் போதாதோ என்று இரண்டு பிடி குங்குமமும் போட்டேன். எல்லாம் முடிந்து எல்லோரும் போன பிறகு வாளியில் முக்கால்வாசி அப்படியே நின்றது.

ஆலாத்தித் தண்ணீரைக் கால் படாத இடத்தில் ஊற்றவேண்டும். நாங்கள் மூன்றாம் மாடியில். கீழே கார் நிறுத்துகிற இடம், எல்லாம் கால். தோட்டம் வீட்டுக்காரருடையது. அவர் புல்லுக்கு மேலே பந்து உருண்டாலே கடிதம் போடுகிற ஆள்.

"சிங்குக்குள்ள ஊத்திப்போட்டுப் படு," என்றார் என் மனிசன்.

"பிள்ளையின்ர கலியாண ஆலாத்தியை எச்சில் கோப்பை கழுவுற இடத்திலயோ?"

"அப்ப கட்டிலுக்குக் கீழ வச்சுக்கொள்ளு."

ஞாயிறு முழுக்க யோசித்தேன். ஆற்றங்கரை எங்கும் பலகை, தண்ணீரில் எதையும் போடாதே என்று. நான் சட்டத்தை மதிக்கிற ஆள். ஆனால் ஒரே ஒரு இடத்தில் மட்டும் ஊற்றலாம். நிலையத்துக் குழாய் வாயில் பலகை இல்லை. அங்கே நகரசபையே இரவு பகலாக ஊற்றிக்கொண்டிருக்கிறது! அது அனுமதி உள்ள இடம். யாருடைய காலும் படாது. (என் மூளையை நினைத்து எனக்கே பெருமையாக இருந்தது. அப்படி ஒரு நாள் அதற்குப் பிறகு வரவில்லை.)

திங்கட்கிழமை காலையில் வாளியை மடியில் வைத்து பஸ்ஸில் கொண்டுபோனேன். வேலைக்காரி வாளியோடு போனால் யார் பார்க்கப் போகிறார்கள். படியால் இறங்கி, குழாய் வாய்க்குப் பக்கத்தில் நின்று, பிள்ளையும் மருமகனும் நல்லாயிருக்க வேணும் என்று சொல்லி ஊற்றினேன். எதிர்க்கரையில் கொஞ்சப் பேர் கழுத்தில் தூரப்பார்வைக் கண்ணாடியோடு வந்துகொண்டிருந்தார்கள். மீன்கொத்தி பார்க்க வந்தவர்கள் என்று நினைத்தேன். வில்லோ மரம் என்னை மறைத்தது. நான் உள்ளே போய் யன்னல் துடைக்கத் தொடங்கினேன்.

அவர்கள் மீன்கொத்தி பார்க்க வரவில்லை. புதுத் தொட்டியைப் பற்றி முடிவெடுக்க முதல் குழாய் வாயைப் பார்க்க வந்த குழு அது. மேயர், ஃபிராவ் லென்ஸ், மாவட்ட அதிகாரிகள், ஒரு பத்திரிகைக்காரன். அவர்கள் கண் முன்னால் ஆறு குழாய் வாயில் சிவப்பாகி, கொஞ்சம் தள்ளிச் செம்மஞ்சளாகி, மீன்கொத்தியின் வளைவில் மஞ்சளாய்ப் போய்க்கொண்டிருந்தது.

பத்து நிமிடத்தில் நிலையத்துக்குள் ஒரே சனம். ஹெர் க்ரூகர் போத்தல் போத்தலாகத் தண்ணீர் எடுத்துப் பார்க்கிறார், முகம் வெளுத்துப் போயிற்று. ஒரு அதிகாரி என்னிடமும் வந்து, குழாயில் இருந்து ஏதாவது வந்ததைப் பார்த்தாயா என்று கேட்டார். குழாயில் இருந்து ஒன்றும் வரவில்லைதானே. இல்லை என்றேன். என் வாளியைப் பற்றித்தான் கேட்கிறார்கள் என்று சத்தியமாக எனக்குத் தோன்றவில்லை.

தோன்றியது புதன்கிழமை, பத்திரிகையில் படத்தைப் பார்த்தபோது. ஆற்றின் படத்துக்குக் கீழே இன்னொரு சின்னப் படம்: சிவப்புத் தண்ணீரில் இருந்து எடுத்த ஒரு இலை, நடுவில் கரிந்த ஓட்டை. என் வெற்றிலை. நடுவில் கற்பூரம் வைத்துக் கொளுத்திய என் வெற்றிலை! ஆலாத்தித் தட்டில் இருந்து வாளிக்குள் விழுந்து கிடந்ததை நான் கவனிக்கவில்லை. இலையையே சுட்டு ஓட்டை போடுகிற அளவுக்குக் கடும் இரசாயனம் என்று எழுதியிருந்ததை மனிசன் வாசித்துச் சொன்னார். எங்கேயோ ஒரு தொழிற்சாலையின் கழிவை நிலையம் களவாக வாங்கி ஆற்றில் விட்டிருக்கவேண்டும் என்றும், காரணம் தெரியும் வரைக்கும் பொறுப்பாளரை வீட்டில் இருக்கச் சொல்லியாயிற்று என்றும் எழுதியிருந்தது. அடுத்த நாள் பின்னேரம் பொதுக்கூட்டம்.

மனிசன் பத்திரிகையை மடித்தார். "வாயைத் திறக்காத. அந்தாள் வீட்டில ரெண்டு கிழமை இருக்கும், பிறகு கூப்பிடுவினம். நீ சொன்னா உன்ர வேலை போயிடும்."

"ரெண்டு வருஷத்தில ஓய்வெடுக்கப் போற மனுசன். களவெடுத்தவன் எண்டெல்லே எழுதியிருக்கு."

"நீ போய் என்னண்டு சொல்லுவாய்? ரொட்டிக் கடையிலயே கையைக் காட்டித்தானே வாங்கிறனீ."

அது உண்மை. அதனால்தான் அன்றிரவு நித்திரை வரவில்லை.

அடுத்த நாள் சுகந்தியைத் தொலைபேசியில் பிடித்து, 'அது நான்தான் செய்தது, ஹெர் க்ரூகர் இல்லை' என்பதை ஜெர்மனில் சொல்லித் தரக் கேட்டேன். கலியாணமாகி ஐந்து நாள் ஆன பிள்ளை, தாய் என்னத்தைச் செய்தாளோ என்று பயந்து, ஏனம்மா ஏனம்மா என்று கேட்டுக்கொண்டே சொல்லித் தந்தாள். நாற்பது தடவை சொல்லிப் பார்த்தேன். சொல் மறந்தால் கை பேசட்டும் என்று மஞ்சள் தூளும் சுண்ணாம்புப் போத்தலும் ஒரு வெற்றிலையும் பையில் போட்டுக்கொண்டு போனேன்.

கூட்டம் பள்ளிக்கூட உடற்பயிற்சி மண்டபத்தில். ஊரே இருந்தது. ஹெர் க்ரூகர் கடைசி வரிசையில் தொப்பியை மடியில் வைத்துத் தனியாக இருந்தார். மேடைக்கு முன்னால் ஒரு மேசை, அதன் மேல் புது நிலையத்தின் பெரிய வரைபடம். அந்த வெற்றிலை ஒரு பிளாஸ்டிக் பைக்குள் அதன் பக்கத்தில் கிடந்தது. ஃபிராவ் லென்ஸ் அதைத் தூக்கிக் காட்டி, இந்த நாட்டில் எந்தப் புத்தகத்திலும் இந்த இலை இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தா.

நான் எழுந்து நடுவால் நடந்தேன். யாரும் என்னைத் தடுக்கவில்லை. தடுப்பது எங்கே, துடைக்க வந்திருக்கிறேன் என்று நினைத்து வரிசையாகக் காலைத் தூக்கி வழி விட்டார்கள். மேசைக்குப் போனதும் மேயர் தன் வெறும் குவளையை என் கையில் தந்து நன்றி சொன்னார்.

நாற்பது தடவை சொல்லிப் பார்த்த வசனம் அந்த இடத்தில் என்னை விட்டுப் போய்விட்டது. மேயரின் கண்ணாடிச் சாடியில் தண்ணீர் இருந்தது. அதற்குள் மஞ்சளைக் கொட்டினேன். மேயர் 'ஹலோ, ஹலோ' என்றார். சுண்ணாம்பைப் போட்டு விரலாலேயே கலக்கினேன். மஞ்சள் தண்ணீர் சிவந்தது. என் வெற்றிலையை அதன் மேல் மிதக்க விட்டேன்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். எல்லோருக்கும் தெரியட்டும் என்று சாடியைத் தூக்கிக் காட்டினேன். ஆலாத்தி எடுத்துப் பழகிய கை, தானாக ஒரு வட்டம் சுற்றியது. அந்தச் சுற்றில் பாதித் தண்ணீர் வரைபடத்தில் விழுந்து, நீலமாய்க் கீறியிருந்த ஆற்றின் மேலேயே நீளத்துக்கு ஓடியது. மீதி மேயரின் வெள்ளைச் சேர்ட்டுக் கையில். துடைப்பது என் தொழில். பையில் இருந்த துணியை எடுத்து அழுத்தித் துடைத்தேன். மஞ்சளைத் துடைத்தால் என்ன நடக்கும் என்று தெரிந்த நான் துடைத்திருக்கக் கூடாது. வரைபடத்தில் பாதி ஊர் மஞ்சளாயிற்று.

அப்போதுதான் வசனம் திரும்பி வந்தது. "அது நான்தான் செய்தது. ஹெர் க்ரூகர் இல்லை."

ஃபிராவ் லென்ஸ் இரண்டு வெற்றிலையையும் மாறி மாறிப் பார்த்தா. பிறகு பள்ளிக்கூடத்தில் கேட்பது போல மெதுவாகக் கேட்டா: "ஏன் ஆற்றில் ஊற்றினீர்கள்? அதுவும் அந்த இடத்தில்?"

எனக்குத் தெரிந்த ஜெர்மன் எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்தேன். "மற்ற இடம் எல்லாம் தடை. பலகை இருக்கு. அங்கே மட்டும் நீங்கள் எல்லோரும் ஊற்றுகிறீர்கள். நான் ஒரு வாளி."

முதலில் சிரித்தது கடைசி வரிசையில் இருந்து. ஹெர் க்ரூகரின் சிரிப்பு எனக்குத் தெரியும். பிறகு மண்டபம் முழுக்க. ஃபிராவ் லென்ஸ் மட்டும் சிரிக்கவில்லை. "இவ சொல்வது சரி," என்று சொல்லிக் கதிரையில் இருந்துவிட்டா.

ஹெர் க்ரூகர் முன்னால் வந்து, அழுக்கான வரைபடத்தில் விரல் வைத்தார். திங்கட்கிழமை அந்த நிறம் ஆற்றோடு கலக்காமல் கரையைப் பிடித்துக்கொண்டு நேரே மீன்கொத்தியின் வளைவுக்குப் போனதை எல்லோரும் பார்த்தீர்கள்தானே என்றார். அப்படியென்றால் நாங்கள் ஒவ்வொரு நாளும் விடுகிற தண்ணீரும் அந்த வழியால்தான் போகிறது. பழைய நிலையத்து நிலத்திலேயே புதுத் தொட்டியை ஒடுக்கிக் கட்டி, தண்ணீரை முதலில் நாணல் குளத்தில் விட்டு, வளைவுக்குக் கீழே கொண்டுபோய் ஆற்றில் சேர்த்தால் என்ன என்று கேட்டார்.

அடுத்த வருஷம் கிட்டத்தட்ட அப்படித்தான் கட்டினார்கள். என்னால் என்று சிலர் சொல்வார்கள், அது பொய். சாயம் விட்டுப் பார்ப்பது அவர்களுக்குத் தெரிந்த வேலைதானாம். அதுவரைக்கும் ஒருவரும் விட்டுப் பார்க்கவில்லை, அவ்வளவுதான். புல்வெளி தப்பியது. குளத்துக்கு நிலம் போதாமல் நாலு வில்லோ மரங்கள் போயின. ஃபிராவ் லென்ஸுக்கு அந்த நாலும் கடைசி வரைக்கும் மனத்தாங்கல்.

ஹெர் க்ரூகர் வெள்ளிக்கிழமையே வேலைக்கு வந்துவிட்டார். என் வேலையும் போகவில்லை. நகரசபையில் இருந்து இரண்டு பக்கக் கடிதம் ஒன்று வந்தது. சுகந்தி வாசித்தாள்.

"அம்மா, இனிமேல் ஆத்தில ஒண்டும் ஊத்தக் கூடாதாம்."

"ரெண்டு பக்கமும் அதுதானோ?"

"ஓம். ரெண்டாம் பக்கத்தில ஏன் எண்டு இருக்கு."

திங்கட்கிழமை நான் யன்னல் துடைக்கும்போது ஹெர் க்ரூகர் பக்கத்தில் வந்து நின்றார். "அந்த வாளியை வீட்டுச் சிங்கில் ஊற்றியிருந்தால் என்னிடம்தானே வந்திருக்கும்," என்றார். "தொட்டியில் நிற்கிற என் மாடுகள் மஞ்சளும் தின்னும். அடுத்தமுறை ஒரு சொல் சொல்லிவிட்டு ஊற்று."

அதை நான் வீட்டில் வந்து சொன்னதுதான் பிழை. அன்றைக்குப் பிடித்தது இன்னும் விடவில்லை. எங்கள் குடும்பத்தில் எந்த விசேஷம் வந்தாலும், மண்டபம் எடுத்தாச்சோ, ஐயருக்குச் சொல்லியாச்சோ என்று கேட்ட கையோடு, "க்ரூகருக்குச் சொல்லியாச்சோ?" என்று மருமகன் கேட்பார். இப்போது விசேஷமும் தேவையில்லை. போன கிழமை புளித்துப்போன ரசத்தைச் சிங்கில் ஊற்றப் போனேன். பின்னாலிருந்து பேத்தி, க்ரூகரைக் கண்ணாலும் காணாத பிள்ளை, கைத்தொலைபேசியில் இருந்து தலையைத் தூக்காமலே கேட்டாள்: "அம்மம்மா, க்ரூகருக்குச் சொல்லியாச்சோ?"

சட்டியைச் சரித்த கை நின்றுவிட்டது. இத்தனை வருஷமாக ஒவ்வொரு முறையும் நிற்கிறது.