மிதிப்பதற்கு உரிமம்

நல்லம்பள்ளி,
திங்கள் காலை, 1983.

பாசமுள்ள அக்கா லூர்தம்மாளுக்கு, தம்பி அருள்நாதன் வணக்கத்தோடு எழுதுவது. மாதாவின் தயவில் நான், ராஜமேரி, எருமை மூவரும் சுகம். மாமாவின் மூட்டுவலி எப்படி இருக்கிறது?

அவசரமாக ஒரு சாட்சிக் கடிதம் வேண்டும். நான் பிறந்தபோது கால்தான் முதலில் வந்தது என்று நீங்கள் எழுதித் தர வேண்டும். அன்றைக்கு வெந்நீர் தூக்கியது நீங்கள்தானே.

போன மாதம் எனக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. தொப்பூரில் லாரிக்காரர்களுக்குச் சுளுக்கெடுக்கும் சென்னம்மாளிடம் போனேன். காலால் பிறந்தவர் மிதித்தால் சுளுக்கு ஓடிவிடும் என்று ஊரே நம்புகிறது, அவளும் காலால் பிறந்தவளாம். எம்.ஏ. படித்த என்னைச் சாப்பாட்டுக் கடை வாசலில் குப்புறப் போட்டு மிதித்துவிட்டு, "இடுப்புல ஒண்ணுமில்லீங்க வாத்தியாரே, சுளுக்கு மனசுல இருக்குது. அங்க என் காலு எட்டாதுங்க" என்றாள். பதினாறு டிரைவர்கள் சிரித்தார்கள். மறுநாளே தாலுகா ஆபீசில் அவள்மேல் மனுப் போட்டேன்: ரேடியோவுக்கு லைசென்ஸ், நாய்க்கு லைசென்ஸ், மனிதன் முதுகெலும்பை மிதிக்க மட்டும் வேண்டாமா? அதிகாரி வந்தார். "அப்படியொரு லைசென்ஸே இல்லீங்களே" என்று தலையைச் சொறிந்தார். இருந்தாலும் மனு மனுதானே, காலால் பிறந்ததற்கு அத்தாட்சி காட்டும்வரை மிதிக்கக் கூடாது என்று அவளிடம் கைநாட்டு வாங்கிப் போனார். ஜெயித்தேன் என்றிருந்தேன் அக்கா, விடிந்தால் கழுத்து திரும்பாத லாரிக்காரர்கள் அத்தனை பேரும் என் வாசலில்! "சென்னம்மாவ நிறுத்துனது நீதானய்யா? அப்ப நீயே மிதி!" கதவு போய்விடுமென்று பயந்த ராஜமேரி, "எங்க வூட்டுக்காரரும் காலால பொறந்தவருதானுங்க, வரிசையா படுங்க" என்று சொல்லிவிட்டாள். கண்ணை மூடிக்கொண்டு ஒருவனை மிதித்தேன். "ஐயோ" என்றான், எழுந்தான், கழுத்து திரும்புகிறது! அன்றிலிருந்து திருவிழாக் கூட்டம். என்னோடு வேலித் தகராறு பண்ணும் பக்கத்து வீட்டு வியாகுலம்கூட வந்தான். இரண்டு மிதி சேர்த்தே மிதித்தேன், கும்பிட்டுவிட்டுப் போனான்! எனக்கு வர வேண்டிய தலைமையாசிரியர் பதவியைத் தன் மருமகனுக்குக் கொடுத்த பள்ளித் தாளாளர் பெரியநாயகத்துக்கும் முதுகு பிடித்திருக்கிறது. வேண்டுமென்றே ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளி வைத்திருக்கிறேன். பூசை முடிந்து ஊரே பார்க்கும் நேரம். பதினொரு வருடமாக இந்தக் காலை அதற்காகத்தான் வளர்த்தேன்போலிருக்கிறது.

இதற்குள் சென்னம்மாள் என்மேல் மனுப் போட்டுவிட்டாள். அதே அதிகாரி சனிக்கிழமை என் அத்தாட்சியைப் பார்க்க வருகிறார். கடிதம் வராவிட்டால் பெரியநாயகம் மிதிபடாமல் தப்பிவிடுவார். அக்கா, கைவிட்டுவிடாதீர்கள்.

மாமாவுக்குத் தோத்திரம். பிள்ளைகளுக்கு என் ஆசீர்.

அன்புத் தம்பி,
அருள்நாதன்

பி.கு.: தபால் பெட்டிக்குப் போகிற வழியில் தபால்காரர் உங்கள் கடிதத்தைக் கொடுத்தார். ராஜமேரி முன்பே எழுதிக் கேட்டிருக்கிறாள். நான் தலையால்தான் பிறந்தேன், காலால் பிறந்தது நீங்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். நான் பொய் சொல்கிறவன் அல்ல. மேலே எழுதியதையெல்லாம் மறந்துவிடுங்கள். சென்னம்மாள் மீதான மனுவையும் அடுத்த திங்கட்கிழமை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். நீங்கள் வெள்ளிக்கிழமை பஸ்ஸிலேயே புறப்பட்டு வாருங்கள். பெரியநாயகத்தை நீங்களே மிதியுங்கள். எத்தனை மிதி என்பதை நான் சொல்கிறேன்.