பதினாறு தடவைக்கு மேல் ஊர் தெரியாது

தாராவி,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள மருமகன் செல்வத்துக்கு, மாமன் பூலோகம் சொல்ல, பக்கத்து வீட்டு நூர் நிஷா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். பெங்களூரில் நீயும் பிள்ளைகளும் சுகமாக இருக்க வேண்டியது. இங்கே மழை நிற்கவில்லை. அங்கே எப்படி என்று தெரியப்படுத்தவும்.

பின்னால் யாராவது கேட்டால் வருஷம் தெரிய வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்: மோனோ ரயில் மழையில் பாதி வழியில் நின்றுபோய் ஆட்களை ஏணி வைத்து இறக்கினார்களே, அந்த வருஷம், அதற்கு அடுத்த திங்கட்கிழமை இது நடந்தது. நூர் நிஷா வீட்டு மாடிப்படி இற்று விழுந்ததும் அந்த வாரம்தான்.

நம் ஊர்ச் சங்கத்துப் பட்டியலை நீ போனுக்குள் ஏற்றிக் கொடுத்தாய். யார், எந்தக் குடிசை, எந்த வருஷம் வந்தது, ரேஷன் கார்டு படம் உட்பட மூவாயிரத்து நூறு பேர். செத்தவர்களும் அதில் உண்டு, அவர்கள் வந்த வருஷம்தானே பிள்ளைகளுக்கு ஆதாரம். அதுவரைக்கும் அத்தனையும் என் தலையில்தான் இருந்தது. எழுத்துத் தெரியாத என்னைப் போன்றவர்களுக்காக, தொட்டால் பேரை வாசிக்கிற குரலும் வைத்தாய். "மாமா, இனி நீங்க ரெஸ்ட் எடுங்க" என்றாய். சரி என்று நானும் உட்கார்ந்தேன். பட்டியலை வைக்க நீ பிடித்துக் கொடுத்தது ஓசி இடம் என்று அப்போது நீ சொல்லவில்லை.

பேராச்சியை உனக்குத் தெரியும், இட்லி விற்கிறவள், ஒற்றைக்கட்டை. அவள் கார்டு போன வருஷ மழையில் கூழாகிவிட்டது. மிச்சம், நீ ஏற்றிய படம் ஒன்றுதான். குடிசைகளை இடித்துப் புது வீடு கொடுக்கக் கணக்கெடுக்கிற வந்தனா மேடம் முந்தின வெள்ளிக்கிழமையே சொல்லிவிட்டுப் போனாள். ஒன்று பழைய கார்டைக் காட்ட வேண்டும், இல்லையென்றால் பேராச்சியோடு ஊரிலிருந்து கூட வந்தவர்கள் இரண்டு பேர் சாட்சி சொல்ல வேண்டும், இரண்டும் இல்லையென்றால் புது வீடு கிடையாது. திங்கட்கிழமை பதினோரு மணிக்கு மேடம் வந்து நிற்கிறாள், சங்கத்துச் செயலாளர் அய்யாத்துரை போனைத் திறக்கிறான், உள்ளே வெள்ளையாக இருக்கிறது, கீழே சிவப்பில் ஒரு வரி, இன்றைக்கு உள்ள அளவு முடிந்தது என்று. அவன் ஓடிப்போய் ரீசார்ஜ் செய்துகொண்டு வந்தான். அப்போதும் வெள்ளைதான். அதற்குப் பிறகுதான் உனக்குப் போன் போட்டோம்.

நீ சொன்னதை உனக்கே எழுதுவது முறையில்லைதான், ஆனால் பின்னால் நீ இல்லை என்பாய். படிக்க நாளைக்கு ஐம்பதாயிரம் பேர்வரைதான் ஓசி, எழுதத் தனி அளவு, அழிக்கத் தனி அளவு. ஒருத்தன் தன் பேரை மட்டும் பார்க்கத் திறந்தாலும் அது மூவாயிரத்து நூறு பேரையும் புரட்டிவிட்டுத்தான் வந்து நிற்குமாம். அப்படியென்றால் நாளைக்குப் பதினாறு தடவைதான் ஊர் தெரியும், பதினேழாவது தடவை ஊரே கிடையாது. எப்போது திரும்ப வரும் என்றால், இடம் கொடுத்தவன் அமெரிக்காக்காரன், அங்கே நடுச்சாமம் ஆக வேண்டுமாம், நமக்குப் பகல் பன்னிரண்டரை.

இதற்குள் சந்தில் பேச்சுக் கிளம்பிவிட்டது, பட்டியலில் எல்லோர் பேரும் போய்விட்டது என்று. படிக்கத்தானே முடியாது, எழுத முடியுமே. ஆளாளுக்குப் பேரைத் திரும்ப ஏற்றினார்கள். ஏறியதா என்று பார்க்க முடியவில்லை, அதனால் இன்னொரு தடவை ஏற்றினார்கள். பூதத்தான் தன்னை மட்டும் ஏழு தடவை ஏற்றியிருக்கிறான். கேட்டால், "ஒண்ணாவது ஒட்டாதா அண்ணாச்சி" என்கிறான். ஊர் இப்போது நாலாயிரத்து எழுநூறு பேர். இனி நாளைக்குப் பத்துத் தடவைதான் தெரியும். கூடுதலை அழியுங்கள் என்று நீ சொன்னாய். யார் அழிப்பது? அய்யாத்துரை பெண்சாதி மாரீஸ்வரி போனைத் தள்ளி வைத்துவிட்டாள். "ஆளு குத்துக்கல்லாட்டம் இருக்கையில பேரை அழிக்கச் சொல்லுதான், வெளங்குவானா உங்க மருமவன்?" அழிக்கிற அளவு தொடாமல் முழுசாகக் கிடக்கிறது. ஓசியில் கொடுத்தும் ஆளில்லை.

மேடத்தைப் பன்னிரண்டரை வரைக்கும் பிடித்து வைக்க வேண்டுமே. நூர் நிஷா டீ போட்டாள், பேராச்சி இட்லி வைத்தாள், நான் முதல் சந்து முதல் குடிசையில் ஆரம்பித்தேன். யார் கட்டியது, முதலில் சாக்கு, பிறகு தகரம், எந்த வருஷம் செங்கல், யார் யாருக்கு விற்றுவிட்டுப் பாண்டுப்புக்குப் போனது. "ஆஜோபா, பாத் நஹி, காகஜ் திகாவ்" என்றாள் மேடம், தாத்தா, பேச்சு வேண்டாம், காகிதம் காட்டு என்று. நான் அடுத்த குடிசைக்குப் போனேன். "அவரு வாய்க்குப் பூட்டு கெடயாதும்மா" என்று பேராச்சி அவளுக்கு இன்னும் ரெண்டு இட்லி வைத்தாள். "சாவி தொலைஞ்சு நாப்பது வருசமாச்சு." பன்னிரண்டு இருபத்தெட்டுக்கு நான் நாற்பத்திரண்டாம் குடிசையில் இருந்தேன். பன்னிரண்டரைக்கு அமெரிக்கா படுத்தது, ஊர் எழுந்தது, பேராச்சி கார்டு வந்தது. மேடம் படம் எடுத்துக்கொண்டாள். உங்க சர்வர் நிற்கவே நிற்காதா ஆஜோபா என்று என்னைக் கேட்டுவிட்டுப் போனாள்.

ஆகவே மருமகனே, அந்த ஓசி இடத்தை உடனே காலி செய்யவும். ஊரை என் தலையிலேயே திரும்ப விட்டுவிடு, இதில் அளவும் இல்லை, அமெரிக்காவும் இல்லை. அன்று காலை பதினாறையும் தின்று தீர்த்தது யார் என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன். பூதத்தான் மேல்தான் சந்தேகம். பிடித்தால் சங்கத்தில் நிறுத்துவேன்.

நீயும் உன் பெண்சாதியும் பிள்ளைகளும் நோய்நொடி இல்லாமல் பெருகி வாழ வேண்டும். பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்தைச் சொல்லிக்கொடு, என்னைப்போல் பக்கத்து வீட்டில் போய் நிற்க வேண்டாம்.

இப்படிக்கு, மாமன்
பூலோகம் (கைநாட்டு)

பின்குறிப்பு: காலி செய்ய வேண்டாம். பூதத்தானும் இல்லை. இதை எழுதச் சொன்னதும் நூர் நிஷா பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்க்கிறாள். பதினாறும் நான்தான். போனில் கார்டு தெரியும் என்று நம்பாமல், பேராச்சிக்கு என்னோடு சேர்த்து இரண்டாவது சாட்சி தேடி, விடிந்ததும் உட்கார்ந்து திறந்தேன். தாதரில் ஒரே ரயிலில் இறங்கிய இருபத்துமூன்று பேரும் பட்டியல் தலையிலேயே இருக்கிறோம். குரல் ஒவ்வொரு பேராக வாசிக்கும், நான் "இல்லை" என்பேன். யாரையாவது தவறவிட்டேனோ என்று மூடிவிட்டுத் திரும்பத் திறப்பேன். பதினாறு தடவையும் கணக்கு மாறவில்லை. தன் வீட்டுக்குத் தானே சாட்சி சொல்லக் கூடாது என்று மேடம் வெள்ளிக்கிழமையே சொல்லிவிட்டாள். அந்த ரயிலில் வந்தவர்களில் நான் போக உயிரோடு இருப்பது பேராச்சி மட்டும்தான்.