சிஸ்டம் அக்காவும் நீலம் பாரித்த கம்ப்யூட்டர்களும்

கோயம்புத்தூரில் இருக்கிற கம்ப்யூட்டர்களுக்கெல்லாம் ஓட்டுரிமை கொடுத்தால், எங்கள் சிஸ்டம் அக்கா எதிர்ப்பே இல்லாமல் எம்.எல்.ஏ. ஆகிவிடுவார். மனிதர்கள் ஓட்டுப் போட்டால் டெபாசிட் தேறுமா என்பது சந்தேகம்தான்.

பீளமேட்டில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் நான் முன் கவுண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நோயாளிகளின் பெயரைப் பதிவது, பில் போடுவது, ரிப்போர்ட் கொடுப்பது, தாமதமானால் திட்டு வாங்குவது எல்லாம் என் இலாகா. அங்கே இருந்த கம்ப்யூட்டர்கள் அத்தனையும் அக்காவின் பொறுப்பு. உடுமலைப்பேட்டையில் பிறந்து, பீளமேட்டில் வாழ்க்கைப்பட்டவர். அவருக்கு நல்லதாக ஒரு பெயர் இருந்தது. அதைச் சம்பளப் பட்டியல் மட்டும்தான் உபயோகித்தது. டாக்டர் முதல் வாட்ச்மேன் வரை எல்லாருக்கும் அவர் சிஸ்டம் அக்கா.

எங்கள் ஊர்க்காரர்கள் துரத்துகிற நாயையும் 'போங்க' என்றுதான் விரட்டுவார்கள் என்று வெளியூர்க்காரர்கள் கேலி செய்வது உண்டு. அக்கா அதற்கும் ஒரு படி மேலே. கம்ப்யூட்டரிடம் பேசும்போது அவர் குரலே மாறிவிடும். "ஏனுங்க, ஏன் இப்படிச் சொணங்கிப் போய் உக்காந்துட்டீங்க? எந்திரிங்க கண்ணு" என்பார். அடுத்த நொடி என் பக்கம் திரும்பி, அதே 'ங்க'வைப் போட்டு, "உங்களுக்கு அறிவுன்னு ஏதாச்சும் இருக்குதுங்களா?" என்பார். மரியாதைக்கு ஒரு குறையும் இருக்காது. மானம்தான் போகும்.

ஒவ்வொரு கருவிக்கும் அவர் ஓர் உறவுமுறை வைத்திருந்தார். ரிப்போர்ட் அச்சடிக்கும் பிரிண்டர், மாப்பிள்ளை. காரணமே சொல்லாமல் முறுக்கிக்கொள்வார். போய்த் தாஜா செய்ய வேண்டும். உள்ளறையில் ஏசியில் தனியாக இருக்கும் சர்வர், மாமியார். வேலையில்லாமல் யாரும் அந்த அறைக்குள் போய்விடக் கூடாது. கணக்குப் பிரிவில் இருந்த பழைய கம்ப்யூட்டர், பெரியப்பா. காலையில் சுவிட்சைப் போட்டுவிட்டு டீ குடித்துத் திரும்பி வந்தாலும், அவர் அப்போதுதான் கண்ணைக் கசக்கிக்கொண்டிருப்பார்.

ஒருமுறை டாக்டர் தன் டீ டம்ளரைக் கீபோர்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டார். டாக்டர் என்றால் எங்கள் முதலாளி. ஆஸ்பத்திரிக்காரர்களே அவர் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்கள். அக்கா அந்த டம்ளரை எடுத்துப் போய் வராண்டாவில், செருப்பு விடுகிற இடத்துக்கு மேலே இருந்த ஜன்னல் கட்டையில் வைத்துவிட்டு வந்தார்.

"அம்மணி, என்ர டீ எங்க?" என்றார் டாக்டர்.

"வெளிய இருக்குதுங்க. நீங்களும் வெளிய போய்க் குடிச்சுப்போட்டு வந்தீங்கன்னா நல்லா இருக்குமுங்க."

டாக்டர் போனார். அவர் ஜன்னலோரம் நின்று டீ குடித்ததைப் பார்த்த நோயாளி ஒருவர், பாவம் யாரோ கம்பவுண்டர் என்று நினைத்து, சர்க்கரைக்கு என்ன சாப்பிடலாம் என்று யோசனை கேட்டார்.

இன்னொரு விசேஷம், ஊரில் உள்ள கம்ப்யூட்டரையெல்லாம் கட்டி மேய்த்த அக்காவின் கையில் இருந்தது ஒரு பட்டன் போன். "ஏனக்கா, நீங்க போய் இதை வெச்சிருக்கலாமா?" என்று கேட்டேன். "போன் பேசறதுக்குங்க தம்பி. எனக்குப் பேச வருமுங்க, அது போதும்" என்றார்.

டாக்டர் ஒரு வருஷம் புதிதாகப் பாதுகாப்பு மென்பொருள் ஒன்றை வாங்கி எல்லாக் கம்ப்யூட்டர்களிலும் போடச் சொன்னார். வைரஸ் வராது, திருடர்கள் நுழைய முடியாது, தன்னைத் தானே அவ்வப்போது புதுப்பித்துக்கொள்ளும் என்று விற்க வந்தவர் சொன்னார். அக்கா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, "காவலுக்கு வர்றவரு நல்லவருதானுங்க. ஆனா அவரு எப்ப வர்றாரு, உள்ள என்ன பண்றாருன்னு நம்மகிட்ட ஒரு வார்த்தை சொல்ல மாட்டேங்கறாருங்களே" என்றார். விற்க வந்தவர் சிரித்தார். நாங்களும் சிரித்தோம்.

ரத்தப் பரிசோதனை நிலையத்தில் காலை நேரம் என்றால் உங்களுக்குத் தெரிந்திருக்கும். கூடம் நிறைய வெறும் வயிற்றுக்காரர்கள். பசியில் இருக்கிற கோயம்புத்தூர்க்காரருக்கு 'ங்க' மெல்ல மெல்லக் குறையும். அப்படி ஒரு காலையில், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவருக்குப் பில் போட்டுக்கொண்டிருந்தேன். சடக்கென்று என் திரை நீலமானது. சோகமான முகம் ஒன்று, அதன் கீழே இங்கிலீஷில் ஏதோ மன்னிப்பு. அணைந்தது. தானாக எழுந்தது. மறுபடி நீலம். பக்கத்துக் கவுண்டரிலும் நீலம். ஸ்கேன் அறையில் நீலம். மாமியாரும் நீலம். பாம்பு கடித்தாற்போல் நிலையமே நீலம் பாரித்துவிட்டது.

"என்னப்பா, என் வயசைப் போட்டதும் பயந்துபோச்சா?" என்றார் தலைமையாசிரியர்.

அக்கா ஸ்கூட்டரில் பறந்து வந்தார். ஹெல்மெட்டைக் கழற்றாமலேயே என் கம்ப்யூட்டரின் நெற்றியில் கை வைத்துப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"என்னத்தப் பண்ணிப்போட்டீங்க?"

"நான் ஒண்ணும் பண்ணலக்கா! எல்லா எடத்துலயும் இப்படித்தான்."

அவர் நம்பவில்லை. முதலில் கரண்ட் என்றார். எலக்ட்ரீஷியன் வந்து பார்த்துவிட்டுக் கரண்ட் சுத்தம் என்றார். பிறகு அக்கா, மாடியில் தண்ணீர்த் தொட்டி கசிந்து ஈரம் இறங்கியிருக்கிறது என்றார். தொட்டியை அடுத்த தெருவுக்கு மாற்றினாலும் இது சரியாகாது என்று எனக்கே தெரிந்தது.

அந்த நேரத்தில்தான் கணக்குப் பிரிவிலிருந்து ஒரு சந்தோஷக் குரல் வந்தது. பெரியப்பா வேலை செய்துகொண்டிருந்தார்! முந்தின நாள் சாயங்காலம் யாரோ அணைக்க மறந்துவிட்டுப் போயிருந்தார்கள். அவருடைய நிதானத்துக்கு, அந்தக் காவல்கார மென்பொருள் ராத்திரி அனுப்பிய புது அப்டேட்டை வாங்கி வைத்ததோடு சரி, இன்னும் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. எல்லாரும் ஓடினோம். அக்காவின் முகம் மலர்ந்துவிட்டது.

"பாத்தீங்களா! பெரிய மனுசங்க பெரிய மனுசங்கதான். எதுக்கும் ஒருக்கா ரீஸ்டார்ட் பண்ணிவெச்சா இன்னும் தெம்பா இருப்பாரு" என்று சொல்லிக்கொண்டே தட்டிவிட்டார்.

பெரியப்பா நிதானமாக அணைந்து, நிதானமாக எழுந்து, மிக நிதானமாக நீலமானார்.

நாங்கள் யாரும் அக்காவின் முகத்தைப் பார்க்கவில்லை. எல்லாருக்கும் திடீரென்று வேறு வேறு வேலை இருந்தது.

இதுவரை நடந்தது வேடிக்கை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஒருவர் கவுண்டருக்கு வந்தபோது வேடிக்கை முடிந்தது. கருமத்தம்பட்டியில் விசைத்தறி ஓட்டுகிறவர். அவருடைய அம்மா பாத்ரூமில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, பக்கத்து ஆஸ்பத்திரியில் ஆபரேஷனுக்குத் தயாராகப் படுத்திருந்தார். ரத்தம் உறையும் நேரம் தெரிந்தால்தான் மயக்க ஊசி போடுவோம் என்று அங்கே சொல்லியிருந்தார்கள். ரத்தத்தை எங்கள் ஆள் விடியற்காலையிலேயே போய் எடுத்து வந்தாயிற்று. பரிசோதனைக் கருவியும் தன் வேலையை முடித்திருந்தது. ஆனால் குப்பியின் மேல் ஒட்டியிருந்தது வெறும் கோடுகளும் எண்ணும்தான். எந்த எண் யாருடையது என்பது, பெயர்களைப் பதிகிற என் கம்ப்யூட்டருக்குள் இருந்தது.

"மறுபடி ரத்தம் எடுத்துக்கலாங்களா?" என்றேன்.

அவர் வேண்டாம் என்று தலையை ஆட்டினார். "காலைல நரம்பு கெடைக்காம ரெண்டு கையிலயும் குத்திக் குத்திப் பாத்தாங்க. அம்மா கத்துன கத்து இன்னும் காதுல கேக்குதுங்க. இத்தனைக்கும் தறிச் சத்தத்துலயே இருக்கறவனுங்க நானு." சொல்லிவிட்டுக் கவுண்டர் கண்ணாடியில் கையை ஊன்றிக்கொண்டார்.

அக்கா அப்போதுதான் ஹெல்மெட்டைக் கழற்றினார். "அந்தம்மாவ மறுக்காக் குத்த வேண்டாமுங்க. நீங்க உக்காருங்க" என்றார்.

பட்டன் போனை எடுத்து அந்த மென்பொருள்காரர்களின் உதவி எண்ணை அழைத்தார். வெகுநேரம் பாட்டு ஓடியது. கடைசியில் ஓர் இளைஞனின் குரல் வந்தது. அக்கா ஸ்பீக்கரில் போட்டார்.

"மேடம், ஒரு கம்ப்ளெயின்ட் டிக்கெட் ரெய்ஸ் பண்ணுங்க. சரிபண்ற வழி உங்களுக்கு மெயில்ல வரும்."

"மெயில எதுல பாக்கறதுங்க?"

"உங்க சிஸ்டத்துல, மேடம்."

"ஏனுங்க தம்பி, சிஸ்டம் எந்திரிக்கலீன்னு சொல்றதுக்குத்தானுங்க கூப்பிட்டேன்."

"மொபைல்ல பாருங்க, மேடம்."

என் மொபைலில் பார்த்தோம். அந்தப் பக்கத்தைத் திறக்க எத்தனை பேர் மோதிக்கொண்டிருந்தார்களோ, சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தது. அக்கா குரலைத் தாழ்த்தினார். அவர் குரலைத் தாழ்த்தினால் ஆபத்து.

"தம்பி, இங்க ஒரு அம்மா ஆபரேசனுக்குப் படுத்திருக்கறாங்க. அந்த மெயில நீங்களே வாயில படிச்சீங்கன்னா நான் கேட்டுக்குவேன். நீங்க படிச்சு முடிக்கற வரைக்கும் போனை வைக்க மாட்டேனுங்க. எனக்கு வேற சோலி கெடையாது."

அந்தப் பையன் படித்தான். புதிதாக வந்த அப்டேட்டில் ஒரு ஃபைல் கெட்டுப்போயிருக்கிறது. கம்ப்யூட்டரை 'சேஃப் மோட்' என்கிற பத்திய நிலையில் எழுப்பி, அந்த ஒரே ஃபைலை அழித்துவிட்டால் போதும். ஆனால் அந்த நிலைக்குப் போக, கம்ப்யூட்டர் எழுந்திருக்கும்போதே பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைக்க வேண்டும். மறுபடி எழுப்பி மறுபடி அணைக்க வேண்டும். அப்படிச் சில முறை செய்தால் அதுவே பயந்துபோய்ச் சரிபார்க்கும் திரையைக் காட்டும்.

அக்காவின் விரல் பட்டன் வரை போய் நின்றுவிட்டது.

"எந்திரிக்கறப்பவே கழுத்தப் புடிக்கச் சொல்றீங்களா?"

"அதான் மேடம் ப்ரொசீஜர்."

அக்கா என்னிடம் திரும்பினார். "தம்பி, நீங்க அமுத்துங்க. என்னால முடியாது." சொல்லிவிட்டு நிஜமாகவே முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

நான் அமுக்கினேன். ஒவ்வொரு முறை அணையும்போதும் பின்னால் "ஐயோ" என்று மெல்லிய குரல் கேட்டது. தலைமையாசிரியர் எழுந்து வந்து கவுண்டருக்கு மேல் எட்டிப் பார்த்தார். அவர் பின்னால் ஒருவர், அவர் பின்னால் இன்னொருவர் என்று வெறும் வயிற்றுக் கூட்டம் முழுக்க என் தோளுக்கு மேலே கூடிவிட்டது.

கடைசியில் வேறு திரை வந்தது. அக்கா என்னை நாற்காலியோடு தள்ளிவிட்டு உட்கார்ந்தார். அதன் பிறகு அவர் விரல்களைப் பார்க்க வேண்டுமே! ஒன்றுக்குள் ஒன்றாகத் திறந்துகொண்டு போய் அந்த ஃபைலுக்கு முன்னால் நின்றார். ஒரே மாதிரிப் பெயரில் வரிசையாக நிறைய இருந்தன. தப்பானதை அழித்தால் பெயர்ப் பட்டியலே போய்விடுமோ என்று எனக்குப் பயம். அக்கா ஒவ்வோர் எழுத்தாகப் படிக்க, போனில் பையன் 'ஆமா மேடம், ஆமா மேடம்' என்று சொல்லிக்கொண்டே வந்தான். அழித்தார். ரீஸ்டார்ட் கொடுத்தார்.

கருப்புத் திரையில் வெள்ளைப் புள்ளிகள் வட்டமாகச் சுற்றின. தறிக்காரர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

"வாங்க கண்ணு. மெதுவா வாங்க. ஒண்ணும் அவசரமில்லீங்க" என்றார் அக்கா. உலகத்தில் இதைவிட அவசரம் அன்று வேறு எதுவும் இல்லை.

வந்தது. என் டெஸ்க்டாப் படம், மருதமலைக் கோபுரம், முழுசாகத் திரையில் வந்து நின்றது. குப்பியை ஸ்கேனருக்குக் காட்டினேன். அந்த அம்மாவின் பெயர் வந்தது. யாரோ கை தட்டினார்கள். எண்ணைச் சரிபார்த்து, முடிவைப் பதிந்து அச்சடித்துக் கொடுத்தேன். டாக்டர் நின்றபடியே கையெழுத்துப் போட்டார். தறிக்காரர் காகிதத்தை வாங்கிக்கொண்டு நன்றிகூடச் சொல்லாமல் ஓடினார். வாசலில் வேறு யார் செருப்பையோ மாட்டிக்கொண்டு போனார் என்பது பிறகுதான் தெரிந்தது. அது டாக்டருடைய செருப்பு.

அக்கா போனில், "தம்பி, நல்லா இருங்க. இனிமேலு எதையாச்சும் அனுப்பறதுக்கு முன்னால உங்க ஊட்டுக் கம்ப்யூட்டர்ல ஒருக்காப் போட்டுப் பாத்துப்போட்டு அனுப்புங்க" என்றார். பிறகு அடுத்த கம்ப்யூட்டருக்குப் போனார். நான் பட்டனை அமுக்க, அவர் முகத்தைத் திருப்பிக்கொள்ள, ஒவ்வொன்றாக எழுப்பினோம். தலைமையாசிரியர் மதியத்துக்குள் சர்க்கரை பார்த்து, ரிசல்ட் நன்றாக வந்ததில் அக்காவுக்கு ஆசி வழங்கிவிட்டுப் போனார். பெரியப்பாவை எழுப்பும்போது மட்டும் அக்கா எங்களையெல்லாம் வெளியே போகச் சொல்லிவிட்டார். உள்ளே என்ன பேசினார் என்று இன்றுவரை தெரியாது.

சாயங்காலம் கூட்டம் வடிந்ததும் கிளம்புவார் என்று பார்த்தால், ஹெல்மெட்டோடு என் கவுண்டருக்கு வந்து நின்றார்.

"தம்பி, அந்தக் கருமத்தம்பட்டிக்காரர் நம்பர் உங்ககிட்ட இருக்குதுங்களா?"

"இருக்குதுங்க. செருப்புக்காகவா?"

"செருப்புக் கெடக்கட்டுமுங்க. நம்பரப் போட்டுக் குடுங்க."

என் போனிலேயே போட்டுக் கொடுத்தேன். மறுமுனையில் எடுத்ததும் அக்கா சொன்னார்: "நான் லேப்ல இருந்து பேசறேனுங்க, சிஸ்டம் பாக்கறவ. எங்க கம்ப்யூட்டரெல்லாம் இப்ப சௌரியமா இருக்குதுங்க. அம்மா எப்படி இருக்கறாங்க?"

அந்த வரிசையில்தான் விசாரித்தார். அந்த மனிதரும் அதைத் தப்பாக எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை. ஏதோ விவரமாகச் சொல்ல ஆரம்பித்தார். அக்கா நாற்காலியை இழுத்து உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, "ம்... கண்ணு முழிச்சுட்டாங்களா... ம்..." என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

தலைக்கு மேல் மின்விசிறி கடகடவென்று சத்தம் போட்டது. நான் எழுந்துபோய் அதை நிறுத்தினேன், அவருக்கு ஒரு வார்த்தைகூட விட்டுப்போகாமல் கேட்கட்டும் என்று.