முள்ளம்பன்றி எழுதிய மெகா தொடர்

ஒரு காட்டில், அதுவும் கேபிள் டிவி வந்த பிறகு, சடையப்பன் என்றொரு முள்ளம்பன்றி மெகா தொடர் எழுதிப் பிழைத்து வந்தது. முதுகிலிருந்து ஒரு முள்ளைப் பிடுங்கி எழுதும். கதை நகராவிட்டால் இன்னொன்றைப் பிடுங்கும். கதை ஒருநாளும் நகர்ந்ததில்லை என்பதால் முதுகில் பாதி வழுக்கை.

தொடரில் மருமகள் வசந்தாவாக ஒரு புள்ளிமான் நடித்தது. ஆயிரத்து இருநூறாவது நாள் அது கல்யாணம் ஆகிப் பக்கத்துக் காட்டுக்குப் போய்விட்டது. சடையப்பன் பதறவில்லை. மறுநாள் திரையில் ஓர் எருமையைக் கொண்டுவந்து நிறுத்தி, கீழே 'வசந்தாவாக இனி இவர்' என்று ஒரு வரி போட்டது. காடு இரண்டு நாள் முணுமுணுத்தது. மூன்றாம் நாள் எருமை மாமியாரிடம் அறை வாங்கியபோது புலி வரைக்கும் தேம்பியது.

"இந்த ஜனங்க முன்னால எதை நிறுத்தினாலும் அழும்" என்று சடையப்பன் சிரித்தது. எழுதுகிறவர்களுக்கு இந்தத் திமிர் உண்டு. கதை சொல்லுகிற எனக்கும் உண்டு.

அன்று சாயங்காலம் பசியோடு வளைக்கு வந்தால், மனைவி கோமளவல்லி டிவி முன்னால் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தது. கிழங்கு வேகவே இல்லை.

"சும்மா இருங்க, வசந்தா பொழைப்பாளான்னு தெரியல."

"நான் எழுதினதுதானே? நானே சொல்லிடறேன், எழுந்து வந்து சாப்பாடு போடு."

"அவ மனசைப் பத்தி உங்களுக்கு என்ன தெரியும்?"

சடையப்பனுக்குச் சுருக்கென்றது. கோபித்துக்கொண்டு தம்பியின் வளைக்குப் போய்விட்டது. நான் இல்லாமல் தவிக்கட்டும், தேடி வந்து கெஞ்சட்டும் என்று வழி பார்த்தது. பத்து நாளாகியும் ஒருத்தரும் வரவில்லை. பதினோராம் நாள் மானத்தை மடித்து வைத்துவிட்டு வீட்டுக்கு நடந்தது.

வாசலில் ஓர் அட்டை தொங்கியது: 'சடையப்பனாக இனி இவர்.' வளையும் கொஞ்சம் அகலமாகியிருந்தது. உள்ளே ஒரு கரடி, முதுகில் நாலைந்து ஈர்க்குச்சியைச் செருகிக்கொண்டு, கிழங்குக்குத் தோல் சீவிக்கொண்டிருந்தது.

"கோமளா, யார் இது?"

"நீங்க பாட்டுக்குப் பாதியில போயிட்டீங்க. அதுக்காகக் குடும்பத்தை நிறுத்த முடியுமா? மொத ரெண்டு நாள் ஒரு மாதிரி இருந்துச்சு. அப்புறம் பழகிடுச்சு."

குட்டி, கரடியின் மடியில் ஏறி உட்கார்ந்தது. "இந்த அப்பா குத்தலை" என்றது.

 சடையப்பன் கத்தித் தீர்க்கலாம் என்று வாயெடுப்பதற்குள் டிவியில் வசந்தா அழ ஆரம்பித்தாள், கூடவே கோமளவல்லியும். கரடி கத்தியைக் கீழே வைத்துவிட்டு, "இப்ப அவ என்ன பண்ணுவா கோமளா?" என்று கேட்டது. நாலு வருஷத்தில் சடையப்பன் ஒருநாளும் அப்படிக் கேட்டதில்லை. கோமளவல்லி மடமடவென்று சொன்ன கதை, சடையப்பன் எழுதிக் கொடுத்திருந்ததைவிட நன்றாகவே இருந்தது. தன் வேஷத்துக்குத் தன்னைவிடக் கரடிதான் பொருத்தம் என்று அதற்கே பட்டது. அழுகை வந்துவிட்டது.

விளம்பரம் வந்ததும் கோமளவல்லி திரும்பிப் பார்த்தது.

"எவ்வளவு நேரம் நிப்பீங்க, உக்காருங்க. காணாமப்போன அண்ணன் வேஷம் ஒண்ணு காலியா இருக்கு."

சடையப்பன் கண்ணைத் துடைத்துக்கொண்டது. தொண்டையைச் செருமிக்கொண்டு கரடியின் அருகே போய், "தம்பி, நல்லா இருக்கியாப்பா?" என்றது.

நீதி: வீட்டை விட்டுக் கோபித்துக்கொண்டு போகிறவர், விளம்பர இடைவேளை முடிவதற்குள் திரும்பிவிட வேண்டும்.