ரூல்தடி வளர்த்த செம்பருத்தி

காலை ஆறரை மணிக்குத் தன் வீட்டு வாசலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, செம்பருத்திச் செடியில் ஒரு செம்பருத்திப் பூவை நூலால் கட்டிக்கொண்டிருந்தார் ரூல்தடி. செடியும் செம்பருத்தி, பூவும் செம்பருத்தி. என்ன, பூவை ஆபீஸ் தோட்டத்தில் திருடிக்கொண்டு வந்திருந்தார், அவ்வளவுதான்.

ரூல்தடி என்பது ஆபீசில் வைத்த பெயர். தலைமை எழுத்தர். ஆபீஸ் பேனாவால் சொந்தக் கடிதம் எழுதாதவர், எழுதுகிறவரைக் கண்டால் பேனாவைப் பிடுங்கி வைப்பவர். அப்படிப்பட்ட மனுஷனுக்கு இந்த வயதில் இது தேவையா என்று கேட்டால், எல்லாம் வாயால் வந்த வினை.

அந்தச் செடி மச்சான் கொடுத்தது. ரூல்தடியின் மனைவி குச்சியை நட்டாலும் துளிர்க்கும், அப்படி ஒரு கை. அவள் ஆசையாய்ச் செடியை வாங்கப் போனபோது ரூல்தடி குறுக்கே விழுந்தார்.

"உன் இஷ்டத்துக்கு நட்டுத் தண்ணி ஊத்த இது சாதாரணச் செடி இல்ல. முறைப்படி வளர்க்கணும். நான் பாத்துக்கிறேன்."

பார்த்துக்கொண்டார். நீல டிரம் ஒன்றைப் பாதியாய் அறுத்து, அடியில் ஓட்டை போட்டு, மண், மணல், தொழுவுரம் மூன்றையும் ஒரே டம்ளரால் அளந்து போட்டார். வெயில் படட்டும் என்று கேட்டுக்கு வெளியே மதிலோரம் வைத்தார். மாவுப்பூச்சிக்கு வேப்பெண்ணெய் தெளித்தார். நாலே மாதத்தில் மொட்டு வந்தது. சாயங்காலம் பார்த்தால் விரியத் தயாராய் உப்பி நிற்கும். காலையில் ஆறு மணிக்கு வந்து பார்த்தால் காம்புதான் இருக்கும்.

தண்ணீர் அதிகம் என்று குறைத்தார். குறைந்துவிட்டது என்று கூட்டினார். உதிர்ந்த மொட்டைத் தரையில் தேடினார், அதுவும் இல்லை. எலிதான் தின்கிறது என்று முடிவு கட்டி எலிப்பொறி வைத்தார். அதில் அவருடைய கால் கட்டைவிரல் மாட்டியது.

"மொட்டு வந்ததுலேருந்து எட்டு மாசமா இந்தக் கூத்துதான் நடக்குது," என்றாள் மனைவி. "நாளைக்கு அண்ணன் வர்றான். இன்னும் பூக்கலைன்னா செடியை நானே திருப்பி எடுத்துட்டுப் போறேன்னு சொல்றான்."

"பூக்கும்."

"எப்போ?"

"நாளைக்கே."

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். சொன்னது சொன்னதுதான்.

மறுநாள் காலை நடைப்பயிற்சிக்குப் போன கால்கள் ஆபீஸ் வாசலில் நின்றன. மேனேஜர் அம்மா செல்லமாய் வைத்திருக்கும் செம்பருத்தியில் நாலு பூ சிரித்தது. தோட்டக்காரர் பின்பக்கம் மோட்டார் போட்டுக்கொண்டிருந்தார். இடுப்பளவு கேட்டுதான். ரூல்தடி கையை நீட்டி ஒன்றைப் பறித்து வேட்டி மடிப்பில் ஒளித்துக்கொண்டு நடையைக் கட்டினார். காம்பில் வாழைநார் ஒன்று சுற்றியிருந்தது. கிளையை வளைத்துக் கட்டிய நாராக இருக்கும் என்று பிய்த்துப் போட்டார்.

வீட்டுக்கு வந்து தையல் டப்பாவைக் கிளறும்போது மனைவி எழுந்து வந்தாள்.

"என்ன தேடுறீங்க?"

"சட்டைப் பட்டன் தெறிச்சிருச்சு."

"குடுங்க, தெச்சுத் தர்றேன்."

"வேண்டாம் வேண்டாம். நானே பாத்துக்கிறேன்."

வெள்ளை நூல்தான் கிடைத்தது. கட்டிவிட்டு அவளைக் கூப்பிட்டார். அவள் குனிந்து வெகுநேரம் பார்த்தாள். "நல்லாத்தான் இருக்கு," என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். மறுநாள் தையல் டப்பாவில் புதிதாய் ஒரு பச்சை நூல்கண்டு இருந்தது. தனக்கு நல்ல நேரம்தான் என்று ரூல்தடி நினைத்துக்கொண்டார்.

மச்சான் பூவைப் பார்த்துப் பூரித்துப் போனார். "மாப்பிள்ளை, உங்களுக்கு நல்ல கைராசி. ஆனா செம்பருத்தி காலையில பூத்துச் சாயங்காலம் வாடுற பூவாச்சே. ஒரு வாரம் தங்கி தினமும் கண்குளிரப் பாத்துட்டுத்தான் போவேன்."

ரூல்தடிக்குத் தலை சுற்றியது. தினமும் காலையில் திருட்டு, சாயங்காலம் யாரும் பார்க்காதபோது வாடியதை அவிழ்த்து எறிவது என்று ஆகிவிட்டது. மூன்றாம் நாள் மச்சான், "இவ்வளவு பெரிய செடிக்கு ஒரே ஒரு பூதானா?" என்று கேட்டார். நாலாம் நாள் இரண்டு பறிக்க வேண்டியதாயிற்று.

அன்று மேனேஜர் அம்மா ரூல்தடியைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"முன்னெல்லாம் நாலு பூ இருக்கும். இன்னைக்கு ரெண்டுதான் இருக்கு. யாரோ பறிக்கிறாங்க. உங்களை மாதிரி நேர்மையான ஆளு இந்த ஆபீசுல வேற யாரு இருக்கா? நீங்கதான் கண்டுபிடிக்கணும்."

"சரிங்க மேடம்," என்றார். காது இரண்டும் சுட்டது.

"முதல்ல ஒரு போர்டு எழுதி வைங்க."

எழுதினார். 'பூக்களைப் பறிக்காதீர். மீறுவோர் மீது கடும் நடவடிக்கை எடுக்கப்படும்.' கடும் என்ற சொல்லை மட்டும் சின்ன எழுத்தில் எழுதினார். மறுநாள் காலை பூப்பறிக்கப் போனபோது அவருடைய கையெழுத்தே அவரை முறைத்தது. கூசிப்போய், அன்று ஒன்று மட்டும் பறித்தார். வீட்டுக்கு வந்து கண்ணாடியில் முகம் பார்க்கப் பிடிக்காமல் குத்துமதிப்பாய்ச் சவரம் செய்ததில் கன்னத்தில் இரண்டு வெட்டு.

போர்டுக்கும் திருடன் அடங்கவில்லை என்றதும் மேனேஜர் அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. தோட்டக்காரரையும் வரவழைத்தார்.

"நாளைக்குக் காலையில அஞ்சு மணிக்கெல்லாம் ரெண்டு பேரும் வந்து காவல் இருங்க. ஆறரைக்கு நானே வந்து பாக்குறேன்."

"அஞ்சு மணிக்கா மேடம்?" தோட்டக்காரர் முகம் வெளுத்தது. "ஒரு ஆறு மணி போல வந்தா போதாதா?"

"ஆறு மணிக்கு வந்தா திருடன் தப்பிச்சுப் போயிடுவான்."

மறுநாள் ஐந்து மணிக்கு இருவரும் சிமெண்டுப் பெஞ்சில் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்தார்கள். இருட்டு மெல்ல விலகியது. வெளிச்சம் வந்து செடியைப் பார்த்தால் இலைதான் தெரிந்தது. பேருக்குக்கூட ஒரு பூ இல்லை.

ஆறே கால் ஆயிற்று. இவ்வளவு நாள் பூத்த செடி இன்று மட்டும் ஏன் பூக்கவில்லை? தான் பறித்துப் பறித்துத்தான் செடி நொந்துபோய்விட்டது என்று ரூல்தடிக்குத் தோன்றியது. மேனேஜர் அம்மா வந்து இந்த ஏழை மனுஷன் மேலே பாய்ந்தால் என்ன செய்வது? அதற்கு மேல் அவரால் தாங்க முடியவில்லை.

"திருடன் நான்தாங்க," என்றார்.

தோட்டக்காரர் திரும்பிப் பார்த்தார்.

"எங்க வீட்டுச் செடி பூக்கல. பொண்டாட்டிகிட்ட ஜம்பமாப் பேசிட்டேன். அதுக்காக இங்க பறிச்சுட்டுப் போய் அங்க கட்டினேன். வெக்கமா இருக்கு. மேடம் வந்ததும் சொல்லிடறேன். உங்க மேல பழி வர விடமாட்டேன்."

தோட்டக்காரர் சட்டென்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"சார், இந்தச் செடி பூத்ததே இல்ல சார்."

"என்ன சொல்றீங்க?"

"கட்டிட நிழல்ல எங்க பூக்கும்? மேடம் வந்த புதுசுல, இது பூக்கலைன்னா வேற தோட்டக்காரரைப் போட்டுக்கிறேன்னுட்டாங்க. எட்டு மாசமா நான்தான் பூவைக் கொண்டாந்து வாழைநாரால கட்டி வைக்கிறேன். எனக்கு மட்டும் வெக்கம் இல்லையா சார்?"

"கடையில வாங்கியா?"

"நானும் பறிச்சதுதான். வர்ற வழியில ஒரு வீட்டு மதிலோரம், நீல டிரம்முல ஒரு செடி. தினமும் அஞ்சரைக்கு வந்தா நாலஞ்சு விரிஞ்சு நிக்கும். ஒண்ணு விடாம பறிச்சிருவேன். இன்னைக்கு சீக்கிரம் வந்ததுல ஒண்ணும் விரியல. அந்த வீட்டுக்காரர் யாரோ தெரியாது. செடி வளர்க்கத் தெரிஞ்ச மகராசன். பாத்தா கால்ல விழுந்து மன்னிப்புக் கேக்கணும் சார்."

ரூல்தடி காலைப் பெஞ்சுக்கு அடியில் இழுத்துக்கொண்டார்.

பையில் போன் அடித்தது. மனைவி.

"எங்கங்க இருக்கீங்க? நம்ம செடியில இன்னைக்கு நாலு பூ பூத்திருக்கு. ஒண்ணுலகூட நூலைக் காணோமே."